திருந்தியவன் யாருக்குக் கடன்பட்டவன்?

கேள்வி: நான் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கனடாவிலிருந்து ஊருக்கு வந்த பொறியியலாளர் ஒருவர், கொழும்பிலும் வவுனியாவிலும் சில பெண்களோடு பழகிக் கைவிட்டவர். கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியை ஒருத்தியைச் சந்திக்கிறார். அவளுடைய தூய அன்பினால் முற்றாகத் திருந்தி அவளையே மணக்கிறார். இதை வாசித்த என் தோழி, பெண்பித்தன் காதலால் திருந்துவது வெறும் பொய், இப்படி எழுதுவது பெண்களுக்குச் செய்யும் கேடு என்கிறாள். மனிதனை மாற்றும் வல்லமை காதலுக்கு இல்லையா? இந்தக் கதையை உங்கள் இதழ் வெளியிடுமா?
- வாசகி, முழங்காவில்

பதில்: சகோதரி, உங்கள் தோழி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மனிதர் திருந்துவதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்; திருந்தியவர்களை நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிற மரபு நம்முடையது. உங்கள் கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. கதாநாயகனுக்கு ஊர், தொழில், வெளிநாடு எல்லாம் கொடுத்திருக்கிறீர்கள், ஆசிரியைக்குத் தூய அன்பைக் கொடுத்திருக்கிறீர்கள், அவன் கைவிட்டவர்களை மாத்திரம் 'சில பெண்கள்' என்ற இரண்டு சொற்களில் முடித்துவிட்டீர்கள். அவர்களில் ஒருத்திக்கேனும் நீங்கள் பெயர் வைக்கவில்லை. ஒருவன் திருந்தினான் என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் அவர்களே என்பது என் உறுதியான எண்ணம். அவனைப் புதிதாகக் காதலிக்கிறவள் அவனுடைய நல்ல முகத்தை மட்டுமே கண்டவள், அவளால் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?

இந்த வகைக் கதைகளில் பழைய காதலி வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கதாநாயகனின் அலுவலக அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வருவாள். உதட்டுச்சாயம் அழுத்தமாக இருக்கும், பேச்சில் பணமும் பொறாமையும் இருக்கும், நாயகியின் பருத்திச் சேலையை ஏளனமாகப் பார்ப்பாள். இரண்டு பக்கம் கழிவதற்குள் கதாநாயகன் அவளை வெளியே போகச் சொல்வான். வாசிக்கிற நமக்கும் 'நல்லாய் வேணும்' என்றிருக்கும். அந்த மகிழ்ச்சியை உண்டாக்குவதற்காகவே எழுதியவர் அவளைக் கெட்டவளாக ஆக்கியிருக்கிறார். அவள் கெட்டவளாக இருந்தால் அவளைக் கைவிட்டது குற்றமாகாது, குற்றமே இல்லாதபோது கதாநாயகன் வருந்தவும் வேண்டியதில்லை. இவ்வாறு, திருந்துவதற்குரிய காரணத்தையே அழித்துவிட்டுத் திருந்தியதாக எழுதுகிறார்கள்.

இவற்றை விரும்பி வாசிக்கிறவர்களை நான் குறை கூறவில்லை. பல பெண்களால் கட்டிவைக்க முடியாதவன் தன் ஒருத்தியின் முன்னால் தலை குனிகிறான் என்ற கற்பனை, வீட்டிலும் வெளியிலும் தன் சொல் எடுபடாத ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதே கற்பனையை நம் குடும்பங்கள் கதைப் புத்தகத்துக்கு வெளியிலும் நடத்திவருகின்றன. ஊர் சுற்றுகிற மகனுக்கு 'ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் சரியாகிவிடுவான்' என்று பெண் தேடுகிறோம். அந்தக் கட்டாக வரப்போகும் பெண்ணிடமோ அவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவன் திருந்தாவிட்டால், கெட்டிக்காரியாக இருந்திருந்தால் புருசனைத் திருத்தியிருப்பாள் என்ற பழியும் அவள் தலையிலேயே விழுகிறது. உங்கள் தோழி கேடு என்று சொன்னது இதைத்தான் என்றால், அவள் சொன்னது முற்றிலும் சரி.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும், முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுமான நமக்குக் கோவலன் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டார் கதைகளில் மாதவி எறிந்த மாலை கோவலனின் கழுத்தில் வந்து விழுகிறது. பிறகு நடந்தவை எல்லாம் அவளுடைய மயக்கின் குற்றமாகிவிடுகின்றன. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் அப்படி எழுதவில்லை. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை சொல்லிக் கூனி தெருவில் நின்று விற்ற மாலையைக் கோவலன் தானாகவே வாங்கிக்கொண்டு மாதவியின் மனைக்குப் போகிறான். பொருள் எல்லாம் தொலைந்து கண்ணகியிடம் திரும்பி வந்தபோதும் அவன் திருந்தியிருக்கவில்லை என்றே நான் வாசிக்கிறேன். 'சலம்புணர் கொள்கைச் சலதி' என்று, வஞ்சகியோடு கூடித் திரிந்ததால் குடும்பச் செல்வம் அழிந்தது என்கிறான். இந்த வறுமை தனக்கு நாணம் தருகிறது என்கிறான். பழி மாதவிக்கு, நாணம் வறுமைக்கு. கண்ணகி பட்ட துன்பத்தைப் பற்றி அந்த இடத்தில் அவன் வாயில் ஒரு சொல்லும் இல்லை. இன்றைய காதல் நாவல் என்றால் இந்த இடத்திலேயே மங்கலமாக முடிந்திருக்கும்.

மாற்றம் அதற்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் மாதவியின் வழியாக. மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்து கொடுத்த அவளுடைய ஓலையைப் படித்த பிறகே 'தன்தீது இலள்' என்று அவளைக் குற்றத்திலிருந்து விடுவித்து, 'என்தீது' என்று தன் குற்றத்தை ஏற்கிறான். அவளுடைய அந்த ஓலையையே தன் பெற்றோருக்கும் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறான். இதற்குப் பின்னர், அவர்களுக்கு அடைக்கலம் தந்த மாதரியின் மனையில் கண்ணகியின் முன்னால், பெற்றோரின் ஏவலைப் பிழைத்ததையும் அவளுக்குச் சிறுமை செய்ததையும் வாய்விட்டுச் சொல்கிறான். அப்போதும் கண்ணகி 'பரவாயில்லை' என்று சொல்லிவிடவில்லை. 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று நேராகவே சொல்கிறாள். கைவிடப்பட்ட இரண்டு பெண்களும் பேசிய பிறகே கோவலன் மனிதனாகிறான். அந்த ஓலையை எடுத்துவிட்டால், கோவலனிடம் மிஞ்சுவது பணம் தீர்ந்ததும் வீட்டுக்குத் திரும்பிய ஒருவனின் கதை மட்டுமே.

ஆங்கிலத்தில் உங்கள் கதைக்கு ஒரு முன்னோடி உண்டு. சாமுவேல் றிச்சர்ட்சன் 1740இல் வெளியிட்ட 'பமீலா'வில், வேலைக்காரப் பெண்ணைக் கெடுக்க முயன்று அடைத்து வைக்கும் எசமான், அவளுடைய உறுதியைக் கண்டும் கடிதங்களைப் படித்தும் மனம் மாறி அவளை மணக்கிறான். முன்னர் ஒருத்தி அவனால் பிள்ளை பெற்றிருக்கிறாள்; அவள் ஜமெய்க்காவுக்குப் போய் அங்கே வேறொருவரை மணந்துகொண்டாள் என்று சொல்லிக் கதை அவளைக் கடந்துவிடுகிறது. திருந்திய காமுகனே சிறந்த கணவன் என்ற நம்பிக்கை ஆபத்தானது என்று அதே ஆசிரியர் தன் அடுத்த நாவலான 'கிளாரிஸா'வின் முன்னுரையில் எச்சரிக்க வேண்டியிருந்தது. 1747, 1748ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வந்த அந்த நாவலில், தன்னை மயக்கமருந்து கொடுத்துக் கெடுத்தவனை மணக்கும்படி மற்றவர்கள் வற்புறுத்தியும் கிளாரிஸா மறுத்துவிடுகிறாள். அவனைத் திருத்தி அவளோடு சேர்த்து வையுங்கள் என்று வாசகிகள் கடிதம் எழுதிக் கெஞ்சியும் றிச்சர்ட்சன் இணங்கவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

காதலின் வல்லமையைக் கேட்டீர்கள். திருநீலகண்ட நாயனாரைப் பாருங்கள். பரத்தை வீட்டுக்குப் போய்வந்த கணவனை, இறைவன் பெயரால் ஆணையிட்டு மனைவி தீண்ட விடவில்லை. அவரோ அந்த ஆணையைத் தன் மனைவிக்கு மட்டும் உரியதாகக் கொள்ளாமல், எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று ஏற்று, இருவரும் முதுமை எய்தும்வரை ஒரே வீட்டில் அப்படியே வாழ்கிறார். அந்த வீட்டில் அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? அன்பு இருந்தது, ஆயினும் ஆண்டுக்கணக்கான ஒழுக்கமே அவரைத் திருத்தியது. உங்கள் பொறியியலாளரோ ஒரு கோயில் திருவிழாவுக்கும் அடுத்த மாரிக்கும் இடையில் திருந்திவிடுகிறார்.

நாம் எழுதுவது வன்னியில் என்பதையும் எண்ண வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனையோ வீடுகளைப் பெண்கள் தனியாகவே நடத்துகிறார்கள். ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்து, கலியாணம் செய்வதாக வாக்குக் கொடுத்து, பிறகு தொலைபேசி இலக்கத்தை மாற்றிக்கொண்டு போனவர்களைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் தெரியும். சங்கக்கடை வரிசையில் தலை குனிந்து நிற்பவள் அந்தப் பெண்; போனவனுக்கு வேறோர் ஊரில் பந்தல் போடுகிறார்கள். நீதவான் நீதிமன்ற வளாகத்தில், தாபரிப்பு வழக்குத் தவணைக்காகக் கைக்குழந்தையோடு மரநிழலில் காத்திருக்கிறவளைப் பார்த்திருப்பீர்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியை மழைக்கு நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பாள். 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தந்தையிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. உங்கள் கதாநாயகன் திருந்தியவன் என்றால், அந்தப் பணத்தை அழைப்பாணை வருவதற்கு முன்னரே கட்டுகிறானா என்று ஓர் அத்தியாயத்தில் எழுதுங்கள். ஆசிரியைக்கு அவன் எழுதும் கவிதையைவிட அது அவனை எங்களுக்கு நன்றாகக் காட்டும்.

கதையை வெளியிடுவோமா என்ற கேள்விக்கு என் விடை: இப்போதிருக்கும் வடிவில் வெளியிடமாட்டோம், திருத்தி அனுப்பினால் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். வவுனியாப் பெண்ணுக்குப் பெயர் வையுங்கள்; தொழில், தாய், கோபம் எல்லாம் கொடுங்கள்; ஓர் அத்தியாயம் முழுவதும் அவள் பேசட்டும். ஆசிரியை அவளைத் தேடி பஸ் ஏறிப் போகட்டும். அங்கே இருவரும் சண்டை பிடிக்கவும் வேண்டாம், கட்டிப்பிடித்து அழவும் வேண்டாம், நடந்தது என்ன என்று ஒருத்தி கேட்க மற்றவள் சொன்னால் போதும். அதன் பிறகும் ஆசிரியை அவனை மணப்பதானால் மணக்கட்டும், அது கதாசிரியரான உங்கள் உரிமை, அதில் நான் கை வைக்கமாட்டேன். 'அவளுடைய கண்ணீர் அவனுடைய பாவங்களையெல்லாம் கழுவியது' என்று இறுதி அத்தியாயத்தில் நீங்கள் எழுதியிருக்கும் வரியை மட்டும், எத்தனை முறை திருத்தி அனுப்பினாலும், நீக்கிவிட்டே அச்சுக்குக் கொடுப்பேன்.