மதவியல் படிக்க ஆசைப்படும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

மகள் ஒரு மதவியல் பேராசிரியரின் அறிமுகக் குறிப்பைக் காட்டி, “இவரைப் போல ஆகணும்” என்கிறாள். சொந்தக்காரர்களோ கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. அதற்காக, பிடிக்காத படிப்பை அவள் தலையில் கட்டாதீர்கள். பெரியப்பா அவளுக்குப் பதில் பரீட்சை எழுதப்போவதில்லை. கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் மதவியலைப் பற்றியே பேசுகிறேன்.

“சாமியாராகப் போகிறாளா?” என்று கேட்கிறார்களாமே. இது பூசைக்கோ பிரசங்கத்துக்கோ பயிற்சி தரும் படிப்பு அல்ல. மனிதர்கள் எதை, ஏன், எப்படி நம்பினார்கள் என்று ஆராய்வது. பக்தி உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்தே படிக்கலாம். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967இல் மதவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட் தலைமையில் உருவான துறை இந்த அணுகுமுறைக்குப் பெயர்பெற்றது.

அந்தக் குறிப்பை நீங்களும் நிதானமாகப் படியுங்கள். இளங்கலை பெரும்பாலும் வரலாறு, தத்துவம், மொழியியல் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். முனைவர் பட்டத்துக்கு மட்டுமே பல வருடம் பிடிக்கும். ‘ஆய்வு ஆர்வங்கள்: இடைக்காலச் சைவம், சுவடிகள், சடங்கு’ என்றிருந்தால், முதலாவது காலத்தையும் மரபையும் சொல்கிறது, அடுத்தது ஆதாரத்தை, கடைசி கேள்வியை. ‘சுவடிகள்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு கொஞ்சமல்ல. பழைய தமிழ் ஓலைகளில் பொதுவாகப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. சமஸ்கிருதம் கலந்தால், அதை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்பை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. சுமார் 11,000 சுவடிகள். அவற்றைப் படிக்க, தமிழ் தெரிந்த பெண்ணுக்கு வாசல் பாதி திறந்தே இருக்கிறது.

சரி, பணம். பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, இதை மறைக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்குக் கடன் வாங்கவே கூடாது. அமெரிக்காவின் நல்ல துறைகள் கட்டணத்தை நீக்கி, உதவித்தொகையும் தருகின்றன. பதிலுக்கு வகுப்பெடுக்க வேண்டியிருக்கும். நிதி இல்லாமல் இடம் மட்டும் கிடைத்தால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள், அது எவ்வளவு பேர்பெற்ற பல்கலைக்கழகமாக இருந்தாலும் சரி.

அப்புறம், முதல் வருடமே ஒரு பழைய மொழியைத் தொடங்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் இலக்கணத்தோடு மல்லுக்கட்டியும் அவளுக்குச் சலிக்கவில்லையென்றால், பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள். அந்தப் பொறுப்பை அவளிடம் விடாதீர்கள்.