பலகைப் பெட்டி வேண்டாம், பள்ளம் வெட்டுங்கள்

கேள்வி: உப்புவெளியில், கடற்கரைக்கு அண்மையில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. சித்திரை விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து சிறிய வீட்டுத்தோட்டம் போட ஆசை. வெளிநாட்டுக் குடும்பங்கள் வசந்த காலத்தில் பலகையால் பெட்டி அடித்து, மண் நிரப்பிப் பயிரிடும் காணொளிகளைப் பார்த்தேன். பொதிகளுக்கு அடியில் வைக்கும் பலகைத் தட்டுகள் சிலவற்றைக் கணவர் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் வளவு வெறும் மணல், கிணற்று நீரும் சற்று உவர். சித்திரையில் போட்டால் எல்லாம் கருகிவிடும் என்கிறார் மாமி. பெட்டியை என்ன அளவில் செய்வது? எதை நடுவது?

பதில்: மாமி சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். திருகோணமலையில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் பின்னேரங்களில் இடியோடு வரும் ஓரிரு மழையை நம்பி விதைத்தவர்கள் வைகாசியில் கையைப் பிசைவதை அவர் எத்தனை வருடம் பார்த்திருப்பார்! அதன்பின் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. மலைநாட்டைக் கடக்கும்போதே தன் ஈரத்தை அங்கே உதறிவிட்டு வரும் காற்று அது. நம்மிடம் வந்து சேரும்போது இலையில் இருக்கும் ஈரத்தையும் பிடுங்கிக்கொண்டு போகும். இருந்தாலும் விடுமுறைத் தோட்டமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வேண்டாதது அந்தப் பெட்டிதான்.

நீங்கள் பார்த்த காணொளிகளின் நாடுகளில் பங்குனி, சித்திரை என்பது பனி உருகும் காலம். நிலம் சில்லிட்டு, நீர் ஊறிக் கிடக்கும். மண்ணை ஓரடி உயர்த்தினால் அது விரைவில் சூடேறும், நீரும் வடியும். அவர்களுக்கு அந்த இரண்டும் வேண்டும். உப்புவெளி மணலுக்குச் சூடும் போதும், வடிகாலும் போதும். தரைக்கு மேலே நிற்கும் பெட்டியை நான்கு பக்கமும் வெயில் வறுக்கும். காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானத்தில் தேடவேண்டி வரும். பலகை மண்ணில் பட்டுக் கிடந்தால் கறையானுக்கும் விருந்து. ஆகவே மேலே எழுப்பாமல் கீழே இறங்குங்கள். மாரியில் நீர் தேங்கும்போது மேட்டுப்பாத்தி, கோடையில் குழிப்பாத்தி: வறள்வலயத்து மணலுக்கு இதுதான் பொருந்தும்.

அகலம் மூன்று அடிக்கு மேல் போகவேண்டாம். அப்போதுதான் பிள்ளைகள் உள்ளே கால் வைக்காமல் இரு பக்கமிருந்தும் நடுவரை கை எட்டுவார்கள். நீளம் ஆறு அடி, ஆழம் ஒன்றரை அடி. உலர்ந்த மணல் வெட்ட வெட்டச் சரியும் என்பதால் முதல்நாள் பின்னேரமே அந்த இடத்தை நன்றாக நனைத்துவிடுங்கள். வெட்டிய மணலைப் பள்ளத்தின் தென்மேற்குப் பக்கமாகக் குவித்தால் கச்சானுக்கு அது ஒரு சிறிய அணையாகும்.

அடியில் பொச்சுமட்டை. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க நெருக்கமாக அடுக்குங்கள். இந்த வேலையை மகளிடம் விடலாம். எந்த மட்டை எந்த இடைவெளிக்குப் பொருந்தும் என்று ஆறு வயதுப் பிள்ளை அரைமணி நேரம் அலுக்காமல் யோசிக்கும். தென்னந்தோட்டங்களில் கோடைக்கு ஈரம் காக்கப் பொச்சைப் புதைப்பது பழைய வழக்கம், இங்கும் காரணம் அதுதான். அதன்மேல் துண்டு போட்ட வாழைத்தண்டு, சீமைக்கிளுவை இலை, சருகு. மேல் அரை அடிக்கு மணலும் கூட்டெருவும் சரிபாதி. தரைமட்டத்துக்கு நான்கு விரற்கடை கீழேயே நிறுத்திவிடுங்கள். நிறைத்துவிட்டால் நீர் ஓடிவிடும், பள்ளம் வெட்டிய பயனும் போய்விடும். தும்புத்தூள் சேர்ப்பதென்றால் முதலில் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும். உங்கள் மண்ணுக்கு அது இனிமேல் வேறு வேண்டாம். மாட்டெரு பழையதாக, மணமற்று உதிர்வதாக இருக்கவேண்டும். பச்சைச் சாணத்தில் பிள்ளைகளைக் கைவைக்க விடாதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. நம் வெயிலில் பயிர் நிற்கும் நிலம் நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீற்றர் நீரை இழக்கிறது. ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். உங்கள் பாத்தி ஏறத்தாழ 1.7 சதுர மீற்றர். ஆக நாளுக்கு 8 முதல் 10 லீற்றர், அதாவது ஒரு வாளி. மணல் ஒரே தடவையில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பாதியைக் காலையிலும் பாதியைப் பின்னேரமும் ஊற்றுங்கள்.

உவர் விடயத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கடலோர மணலில் மழைநீர் கீழே இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நம் கிணறுகள் அந்த நன்னீர்ப் படலத்தில்தான் வாய் வைத்திருக்கின்றன. மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இழுத்தால் நன்னீர் தாழ, கீழே இருக்கும் உப்புநீர் மேலெழும்பி வரும். பங்குனியில் குடிக்க முடிந்த கிணறு ஆவணியில் கரிப்பதற்கு இறைப்பும் ஒரு காரணம். பாத்திக்கு வேண்டிய ஒரு வாளியைக் கையாலேயே அள்ளுங்கள். இலையின் மேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். இலைமேல் விழுந்த நீர் காய்ந்தபின் உப்பு தங்கி ஓரம் கருகும். இடைக்கிடை ஒருநாள் இரட்டிப்பாக ஊற்றினால் வேரைச் சுற்றிச் சேர்ந்த உப்பு கீழே கழுவிப் போகும். அந்தக் கழுவலில் பசளையும் சேர்ந்து போய்விடும். அதனால் மணலில் எருவை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது, சிறிது சிறிதாகப் பல தடவை இடவேண்டும். அரிசி கழுவிய நீரைக் கீழே ஊற்றாமல் பாத்திக்குக் கொண்டுபோங்கள்.

நீர் ஊற்றும் கருவி கடையில் வாங்கவேண்டியதில்லை. பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஒரு சிரட்டையின் அடியில் ஐந்தாறு துளை போடுங்கள், அது உங்கள் வேலை. ஓட்டைச் சிரட்டையில் வாளி நீரை அள்ளி ஓடிவந்து, செடியடிக்கு வரும்போது பாதி சிந்திவிட்டிருப்பான் மூன்று வயதுக்காரன். சிந்தட்டும். வாளியைப் பாத்தியின் ஓரத்திலேயே வைத்துவிட்டால் சிந்துவதும் உள்ளேதான் விழும்.

இனி எதை நடுவது. தக்காளி, மிளகாய் இரண்டையும் இப்போது மறந்துவிடுங்கள். இரவும் சூடாக இருக்கும் மாதங்களில் தக்காளி பூக்கும், பிஞ்சு பிடிக்காது. பிள்ளைக்கு இரண்டு மூன்று நாளிலேயே ஏதாவது தெரியவேண்டும். அதற்குக் குசினியில் இருக்கும் பாசிப்பயறு போதும். ஊறவைத்து ஊன்றினால் மூன்று நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு தலை தூக்கும், இரண்டு மாதத்தில் நெற்று. முளைக்கிறதா என்று தோண்டிப் பார்க்காத பிள்ளை உலகத்தில் இல்லை. எனவே அதே நாளில் ஒரு கண்ணாடிக் குவளையில் ஈரக் கடதாசியைச் சுற்றி, குவளைக்கும் கடதாசிக்கும் நடுவில் நான்கு பயறைச் செருகி விறாந்தையில் வையுங்கள். முதலில் வெள்ளை வேர் வெளியே வந்து கீழ்நோக்கி வளைவதை மகள் பார்ப்பாள். குவளையைப் படுக்கவைத்தால் மறுநாள் வேர் திரும்பவும் கீழே திரும்பியிருக்கும். இதைக் காட்டினால் அவள் தோண்டுவதை விட்டுவிடக்கூடும். தம்பி விடமாட்டான். அவனுக்குப் பாத்தியின் ஒரு முனையில் ஓரடிச் சதுரத்தை எழுதிக்கொடுத்துவிடுங்கள். அதில் எதைப் பிடுங்கினாலும் யாரும் கேட்கக்கூடாது.

கீரை 25 முதல் 30 நாளில் சட்டிக்கு வரும், ஓரளவு உவரையும் தாங்கும். விதை மிகச் சிறியது, மணலோடு கலந்து தூவவேண்டும். எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கச் சுற்றிவரக் கொஞ்சம் குறுநொய் தூவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அது நல்ல பழக்கம். வெண்டியை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் ஏழாம் வாரத்தில் முதல் காய் பிடுங்கலாம். அதன் சுணை பிள்ளைகளின் கையில் அரிக்கும், பிடுங்குவது உங்கள் பொறுப்பு. பூசணி விதை பெரியது, சின்னவனின் விரலுக்கு ஏற்றது. ஒரு மூலையில் இரண்டு விதை போதும். கொடி வெளியே மணலில் படர்ந்து தானே தரையை மூடிக்கொள்ளும். பொன்னாங்காணியைப் பாத்தியில் நட்டு இடத்தை வீணாக்காதீர்கள். கிணற்றடியில் நீர் வழிந்தோடும் பக்கமாகத் தண்டை ஒடித்து ஊன்றினால் போதும்.

விதைப் பைக்கற் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் பூசிய விதைகளில் பூஞ்சணக்கொல்லி தடவியிருப்பார்கள். மிட்டாய் நிறம், சின்னப் பிள்ளையின் கையில் கொடுக்கவே கூடாது. குசினிப் பயறும் நீங்களே எடுத்துக் காயவைத்த பூசணி விதையும்தான் அவர்களுக்கு.

அந்தப் பலகைத் தட்டுகள் வீண்போகவேண்டாம். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சுட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ‘எச்.டி.’ (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் புகையூட்டியது. பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு வேண்டாம், அடுப்பிலும் வைக்கவேண்டாம். முத்திரை இல்லாததையும் நான் வீட்டுக்குள் எடுக்கமாட்டேன். நல்ல தட்டு இரண்டு தேறினால் கணவர் ஒரு நாற்றுமேசை அடிக்கலாம். மகளின் இடுப்புயரம், கால்களுக்கு அடியில் கல். சிராய் ஏறாமல் பலகையை நன்றாகத் தேய்த்தபின் பிள்ளைகளை அருகில் விடுங்கள். கறையானுக்கும் எறும்புக்கும் பயந்து மேசைக்கால்களை நீர் நிறைந்த தகரங்களில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது நுளம்புப் பண்ணை.

நுளம்பை நான் இலேசாகச் சொல்லவில்லை. 2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை நம் மாவட்டம் மறந்திருக்காது. அந்த ஆண்டு நாடு முழுவதும் டெங்கு நோயாளர் 1 இலட்சத்து 86 ஆயிரத்தைத் தாண்டினர். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். வாளி, பீப்பா, பூச்சட்டித் தட்டு எல்லாவற்றையும் கொட்டினால் போதாது, வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். ஓட்டையில்லாத சிரட்டையும் மிஞ்சிய பொச்சும் வளவில் மல்லாந்து கிடக்கக் கூடாது.

பாத்திக்கு மேலே ஐந்தடி உயரத்தில் கிடுகுப் பந்தல் வேண்டும். கிடுகை நெருக்கமாக வேயாமல், பாதி வெயில் கீழே விழும்படி இடைவெளி விடுங்கள். மேற்குப் பக்கம் மட்டும் ஓலையைத் தரைவரை இறக்கிக் கட்டினால் பின்னேர வெயிலும் காற்றும் ஒன்றாக அடங்கும். கிழக்கு திறந்திருக்கட்டும். பிள்ளைகளோடு தோட்டத்தில் நிற்பது காலை ஒன்பதுக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின்.

கிணற்றுக்குக் கட்டு இருந்தாலும் மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டுங்கள். பக்கத்தில் ஏறி நிற்கக்கூடிய கல், கவிழ்த்த வாளி எதையும் விடாதீர்கள். நாய் பூனை மலம் கழிக்கும் மணலில் கொக்கிப்புழு இருக்கலாம், பிள்ளைகளுக்குச் செருப்பு அவசியம். பாத்தியில் கை வைத்தபின் சவர்க்காரமும் அவசியம். வேலியோரத்தில் அலரி, ஊமத்தை, குன்றிமணிக் கொடி நின்றால் தோட்ட வேலை தொடங்குமுன் அவற்றை அகற்றுங்கள். விதை சேர்க்கப் பழகிய பிள்ளை கண்ணில் பட்ட விதையெல்லாம் பொறுக்கும்.

வேலியை மறந்தால் இத்தனையும் ஆட்டுக்குத்தான். பட்டினத்தில் கோட்டையைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் புள்ளிமானுக்கும் சேர்த்து வேலி போடுகிறார்கள். பயணிகள் நின்று படம் எடுக்கிற அதே மான்தான் வீட்டுக்காரரின் செம்பரத்தையை மொட்டையடிப்பதும். உங்கள் பக்கம் ஆடு மாட்டுக்கு இடுப்பளவு வலை போதும். இலையில் புள்ளியோ சுருட்டலோ கண்டால் கடைக்காரர் கொடுக்கும் போத்தலுக்கு ஓடாமல் கமநல சேவை நிலையத்தில் இலையைக் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவையை 1920 என்ற இலக்கத்திலும் கேட்கலாம்.

மிளகாயும் கத்தரியும் வேண்டுமென்றால் ஆவணிக் கடைசியில் நாற்றுமேசையில் விதைத்துவிடுங்கள். புரட்டாதி முடிவதற்குள் பள்ளத்தைக் கூட்டெருவாலும் மணலாலும் நிரப்பி, தரைக்கு மேலே அரை அடி உயர்த்துங்கள். அப்போது ஓரத்துக்கு நல்ல பலகை மிஞ்சியிருந்தால் வைத்து அடிக்கலாம், மாமியும் ஆட்சேபிக்கமாட்டார்.