ஓட்டின் உள்பக்கத்தில் என்ன எழுதுகிறார்கள்?

கேள்வி: அழகன்குளம் அகழாய்வைப் பார்க்கப் போயிருந்தோம். கழுவிக் காயவைத்த பானை ஓடுகளில் பொடி எழுத்தில் மையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். உடைந்த ஓட்டில் அப்படி என்ன எழுதுகிறார்கள்? எங்கள் தோப்பிலும் இப்படி ஓடு கிடக்கிறது, எடுத்து வைக்கலாமா?
- வாசகி, தேவிபட்டினம்

பதில்: நானும் பல வருடம் அந்த வேலை பார்த்தவன்தான் அம்மா. எழுதுவது ஓட்டின் விலாசம்: ஊர்ப்பெயரின் சுருக்கம், வருடம், குழி எண், அதில் எந்தக் கால்பகுதி, எந்த மண்ணடுக்கு, எவ்வளவு ஆழம். உடைந்த விளிம்பில் மை படக்கூடாது. இன்னொரு துண்டு அங்கே வந்து பொருந்தலாம்.

ஆழம் மட்டும் போதாதா? போதாது. பிற்காலத்தில் யாரோ குப்பைக்குழி வெட்டியிருப்பார்கள். அதற்குள் விழுந்த புதிய ஓடு, பக்கத்திலிருக்கும் பழைய ஓட்டைவிடக் கீழே கிடக்கும். மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறுவதைப் பார்த்து அந்தக் குழியைப் பிரித்து, அதன் ஓடுகளைத் தனிக் கூடையில் போட வேண்டும்.

கடலோரத்தில் ஓர் அகழாய்வு. எந்த அடுக்கு என்று எழுதி, காயும் ஓடுகளோடு வைத்த சீட்டுகளின் மேல் நான் கல் வைக்கவில்லை. மதியக் காற்றில் அவை பறந்து, இரண்டு அடுக்கின் ஓடுகள் கலந்துவிட்டன. அதில் ‘ரௌலட்டட்’ என்ற வகை ஓடு ஒன்று, உள்பக்கம் வட்டவட்டமாகப் புள்ளி வரிசை. இன்றும் கண்ணில் நிற்கிறது. ‘அடுக்கு தெரியவில்லை’ என்றுதான் பதிந்தோம். அப்புறம் கூடைக்குள் ஒரு சீட்டு, பிடியில் கட்டி ஒரு சீட்டு என்று வைக்க ஆரம்பித்தேன்.

கழுவுவதிலும் கவனம் வேண்டும். அழகன்குளத்தில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து கீறிய ஓடுகளும், கப்பல் உருவம் கீறிய ஓடும் கிடைத்திருக்கின்றன. கீறல் தெரிந்தால் தேய்க்கவே மாட்டோம். அந்த ஓட்டுக்குத் தனி எண், தனிப் பதிவேடு. மற்றவற்றைக் கருப்பு-சிவப்பு, சிவப்பு என வகை பிரித்து எண்ணுவோம். வாய்விளிம்புத் துண்டு கிடைத்தால், தாளில் வரைந்த வட்டங்களின் மேல் வைத்து வளைவு எதனோடு பொருந்துகிறது என்று பார்ப்போம். கையகலத் துண்டிலிருந்து பானையின் வாய் அளவு கிடைத்துவிடும்.

உங்கள் தோப்பு ஓட்டை எடுக்காதீர்கள், தோண்டவும் வேண்டாம். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள். சர்வே எண்ணோடு தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ எழுதுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? சரி, எந்த மரத்தடியில், என்றைக்கு எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி, ஓட்டோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.