ஹேக் நகருக்கு வழக்குக் கோவை அனுப்பப் பணம் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

அம்பாறை மாவட்டத் திருக்கோவிலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 1990 இல் அவருடைய அண்ணன் பிடித்துச் செல்லப்பட்டார். இன்றுவரை தகவல் இல்லை. அண்மையில் ஊருக்கு வந்த ஒருவர், குடும்பத்துக்கு 15,000 ரூபாய் தந்தால் நெதர்லாந்தின் ஹேக்கிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்குப் பதியலாம், அமெரிக்கா பின்னால் நிற்கிறது என்று சொல்லி, அண்ணனைப் பற்றிய மூலப் பத்திரங்களையும் கேட்டாராம். “அம்மாவுக்கு 82 வயது. கொடுக்கலாமா?” என்பது கேள்வி.

கொடுக்க வேண்டாம், சகோதரி. பணமும் வேண்டாம், பத்திரத்தில் ஒரு துண்டும் வேண்டாம். அந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநருக்குத் தகவல் அனுப்ப யாருக்கும் உரிமை உண்டு. கட்டணம் கிடையாது, தரகரும் தேவையில்லை. ஆனால் உங்கள் அண்ணனின் விடயத்தை அந்த நீதிமன்றம் எடுக்க முடியாது. அது 2002 ஜூலை 1 ஆம் திகதி தொடங்கியது. அதற்கு முன் நடந்த எதையும் அது தொடுவதில்லை.

“காணாமல் ஆக்குவது இன்றும் தொடரும் குற்றம்தானே” என்று உங்களிடம் வந்தவர் வாதிடக்கூடும். சட்டத்தில் அந்த வாதத்துக்குப் பலம் உண்டு. ஆனால் இந்த நீதிமன்றத்தின் குற்றக் கூறுகள் என்ற ஆவணத்தில் ஓர் அடிக்குறிப்பு, அதற்கு அடிப்படையான, பொதுமக்கள் மீதான தாக்குதல் நீதிமன்றம் தொடங்கிய பின் நடந்திருந்தால் மட்டுமே இக்குற்றத்தை விசாரிக்கலாம் என்று கதவை மூடிவிட்டது. அதை முதலில் வாசித்த அன்று எனக்கு வந்தாறுமூலைதான் நினைவுக்கு வந்தது. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேரும் அந்த ஒரு வரியால் வெளியே நிற்கிறார்கள். அதே ஆண்டு சத்துருக்கொண்டானிலும் வீரமுனையிலும் கொல்லப்பட்டவர்களுக்கும் அதே நிலைதான். அதே ஆண்டு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டவர்களுக்கும் அந்தக் கதவு இல்லை.

2002 இற்குப் பின் உறவுகளை இழந்தவர்களுக்கும் வழி எளிதல்ல. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை. இங்கு நடந்த குற்றம் அங்கே போக வேண்டுமானால், பொதுவாக அரசாங்கம் தானாக அதிகாரத்தை ஏற்க வேண்டும், அல்லது ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்ப வேண்டும். சபையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ, அதாவது தனியாகவே தடுக்கும் உரிமை, இருக்கிறது. 2014 இல் சிரியாவின் விடயத்தை அங்கே அனுப்ப 13 நாடுகள் வாக்களித்தும் ரஷ்யாவும் சீனாவும் தடுத்துவிட்டன.

இனி அமெரிக்காவின் விடயம். இதில்தான் நம் மக்கள் அதிகம் ஏமாற்றப்படுகிறார்கள், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்கா அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடே அல்ல. ரோம் உடன்படிக்கையில் 2000 டிசம்பர் 31 இல் கையெழுத்திட்டது. 2002 மே மாதம், அதனால் தனக்கு எந்தக் கடப்பாடும் இல்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு ஓகஸ்டில், தன் படையினரை அந்த நீதிமன்றம் தடுத்துவைத்தால் அவர்களை மீட்கத் தேவையான எல்லா வழியையும் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. தன் குடிமக்களை ஹேக்கிடம் ஒப்படைக்கக்கூடாது என்று நாடு நாடாக உடன்படிக்கையும் செய்தது. இலங்கையும் 2002 நவம்பரில் அப்படியொன்றில் கையெழுத்திட்டது.

மற்றவர்களின் வழக்கு என்றால் நிலைப்பாடு மாறும். சூடானின் டார்பூர் விடயத்தை 2005 இல் பாதுகாப்புச் சபை அனுப்பியபோது அமெரிக்கா தடுக்காமல் ஒதுங்கி நின்றது. 2011 இல் லிபியாவை அனுப்ப ஆதரவாக வாக்களித்தது. 2023 இல் புட்டினுக்கு எதிரான பிடியாணையை வரவேற்றது. ஆப்கானிஸ்தானில் தன் படையினரை விசாரிக்க முற்பட்டபோது, 2020 இல் வழக்குத்தொடுநர் மீதே தடை விதித்தது. அது 2021 இல் நீக்கப்பட்டது. இஸ்ரேலியப் பிரதமருக்குப் பிடியாணை பிறந்தபின், 2025 பெப்ரவரியில் அடுத்த வழக்குத்தொடுநர் மீது மீண்டும் தடை வந்தது. ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையிலும் இதே கதைதான். 2012 இல் இலங்கை பற்றிய தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்த நாடு, 2018 இல் அந்தப் பேரவையை விட்டே எழுந்து போனது. அந்த ஆதரவு நமக்கு உதவிய நாட்களை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வல்லரசு தன் நலன் பார்த்துத் திறந்து மூடும் கதவை நம்பி, ஒரு தாயின் கையிலுள்ள கடைசிக் காகிதத்தைக் கொடுக்கச் சொல்ல என்னால் முடியாது.

செய்யக்கூடியவை இருக்கின்றன. பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு ஜெனீவாவில் இருக்கிறது. அதற்குக் காலக்கெடு இல்லை, கட்டணம் இல்லை. உள்நாட்டு நீதிமன்றம் ஏறியிருக்க வேண்டியதில்லை. குடும்பமே நேரடியாக எழுதலாம். அது தண்டனை வழங்காது, நட்டஈடும் தராது. ஆனால் அரசாங்கத்திடம் பெயர் சொல்லி விளக்கம் கேட்கும், விடை கிடைக்கும்வரை பெயரைப் பதிவில் வைத்திருக்கும். முன்பே யாராவது உங்கள் சார்பில் அனுப்பினார்களா என்று வீட்டில் விசாரித்த பிறகு எழுதுங்கள். மனித உரிமைகள் பேரவையின் 2021 ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்தின்படி, ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகமும் இலங்கை பற்றிய சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. எதிர்காலத்தில் வேறொரு நாட்டு நீதிமன்றம் வழக்கெடுத்தால் அது பயன்படும்.

கல்லடியில் ஒரு தாய் தன் கோவையை எனக்குக் காட்டினார். பழைய பொலித்தீன் பையில் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஆணைக்குழுவின் பதிவு இலக்கம், ஒரு பள்ளிக்கூடப் படம். குத்தியிருந்த ஊசி துருப்பிடித்து, படத்தில் பையனின் தோளில் பழுப்பு வட்டமாக இறங்கியிருந்தது. பை பாதி வெறுமையாக இருந்தது. மீதியை வாங்கிப் போனவர்கள் திருப்பித் தரவில்லை. உங்கள் ஊசிகளை இன்றே கழற்றுங்கள். ஒவ்வொரு தாளையும் இருபுறமும் படமெடுத்து, இரண்டு வீடுகளில் பிரதி வையுங்கள். கேட்பவருக்குப் பிரதி மட்டும் கொடுங்கள். அவர் பெயரையும் திகதியையும் எழுதி ஒப்பம் வாங்குங்கள்.

அம்மாவின் வாக்குமூலத்தை இந்த வாரமே எழுதுங்கள், குரலையும் பதிவு செய்யுங்கள். எந்த நாள், எந்தச் சந்தி, வந்த வாகனத்தின் நிறம், சீருடை, கூடப் பிடிபட்டவர்கள், அண்ணன் அன்று உடுத்திருந்த சாரம். நினைவில்லாததை அவர் நினைவில்லை என்று சொல்லட்டும், அதையும் அப்படியே எழுதுங்கள். களைத்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள்.