கேள்வி பதில்: தெரிந்தவர் நடித்த நாடகத்துக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

கேள்வி: போன கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு தமிழ் நாடகம் பார்த்தேன். எங்கள் சங்க மலருக்கு விமர்சனம் எழுதித் தரச் சொல்கிறார்கள். நடித்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். அப்பா வீட்டுச் சாவியை மகனிடம் கொடுப்பதுதான் கதையின் முக்கியமான இடம். ஆனால் அப்பா வசனம் பேசுவதற்காக மேலே தொங்கிய மைக்குக்குக் கீழே போய் நின்றுவிட்டார், மகன் மற்றப் பக்கம், சாவி எப்போது கைமாறியது என்றே தெரியவில்லை. இதையெல்லாம் எழுதினால் கோபிக்க மாட்டார்களா? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: கோபிப்பார்கள். எழுதுங்கள். பாதி விமர்சனம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இங்கே நாடக விமர்சனம் என்று வருவதில் முக்கால்வாசி நன்றியுரைதான். யார் விளக்கேற்றினார், யாருக்குப் பொன்னாடை, மண்டபம் நிறைந்த கூட்டம், 'அனைவரும் பாத்திரமாகவே வாழ்ந்தனர்', முடிந்தது. எந்த நாடகத்துக்கும் பொருந்துகிற வரியை வெட்டிவிடுங்கள். சாவி வரி இந்த ஒரு நாடகத்துக்குத்தான் பொருந்தும், அதனால் அது நிற்கட்டும். அப்புறம் அந்தக் குறை யாருடையது என்று யோசியுங்கள். நடிகர் மைக்கைத் தேடிப் போனது குரல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்ற பயத்தில். மண்டபம் எப்படிப்பட்டது என்று நெறியாளருக்கு முன்பே தெரியும், சாவி கைமாறும் இடத்தை மைக்குக்குக் கீழேயே வைத்திருக்கலாம். ஆகவே 'அப்பாவாக நடித்தவர் சரியில்லை' என்று எழுதினால் அநியாயம், நெறியாள்கை என்ற இடத்தில் எழுதினால் நியாயம். பிரதி, நெறியாள்கை, நடிப்பு, ஒளி, ஒலி எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து 'நாடகம் சுமார்' என்பதில் யாருக்கும் பிரயோசனமில்லை. நல்லதைச் சொல்லும்போதும் இதே கணக்குத்தான், எந்த இடம், யார், என்ன செய்தார் என்று சொல்லுங்கள்.

கதையை நாலு வரிக்கு மேல் சொல்ல வேண்டாம். ஆனால் மேடையில் என்ன இருந்தது, உடுப்பு என்ன, வெளிச்சம் எப்படி என்பதைத் தாராளமாக எழுதுங்கள். 1956இல் லயனல் வென்ட் அரங்கில் தொடங்கிய 'மனமே' என்ற நாடகம் சிங்கள மேடையில் பல தலைமுறையாக ஓடுகிறது, தவறவிட்டவர் பிறகு பார்க்கலாம். கொழும்பில் ஒரு தமிழ் நாடகம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மேடையேற்றத்தோடு சரி, அதற்குப் பிறகு அதைத் தேடுகிறவருக்கு உங்கள் மலரில் வந்த பக்கம்தான் மிஞ்சும்.

நடித்தவர்கள் தெரிந்தவர்கள் என்பதை ஒரு வரியில் போட்டுவிடுங்கள். ஒத்திகைக்குப் போய் யோசனை சொன்னவராக இருந்தால் மட்டும் விமர்சனமே எழுத வேண்டாம்.

கேள்வி: கூத்து ஒன்றைப் பார்த்துவிட்டு 'கதை நகரவே இல்லை' என்று எழுதலாமா? - வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: எந்தக் கூத்து என்று முதலில் பாருங்கள். வட்டக்களரியில் சுற்றிவர ஆட்கள் இருக்க விடிய விடிய ஆடுவது ஒன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று செய்ததுபோல, முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும் படச்சட்ட மேடைக்காகச் சுருக்கியது இன்னொன்று. முதலாவதில் கதை எல்லோருக்கும் ஏற்கனவே தெரியும், அது நகரவில்லை என்பது குற்றச்சாட்டே இல்லை. ஒரு பாத்திரம் முதலில் களரிக்குள் வரும்போது ஆடுகிற வரவாட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தாளக்கட்டு, அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்கள், வேறு, ராசாவும் அவர் வரவை அறிவிக்கிற கட்டியகாரனும் ஒரே காலடியில் வந்தால் தாராளமாகக் குறை எழுதலாம். மத்தளக்காரருக்கும் ஆடுபவருக்கும் இடையில் இழுபறி இருந்தால் அதையும் எழுதுங்கள். சுருக்கிய கூத்து இழுத்தால் மட்டும் 'நகரவில்லை' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சுருக்கியதே அதற்காகத்தானே.

கேள்வி: இலவச அழைப்பிதழில் போனவர் குறை சொல்லலாமா? - வாசகர், தெஹிவளை

பதில்: சொல்லலாம், அழைப்பிதழ் தந்தது வந்து பார்க்கச் சொல்லித்தான். இடைவேளையோடு எழும்பிப் போனீர்கள் என்றால் அதையும் எழுதவேண்டும்.