கதவை முதலில் பாருங்கள்: ஃபேஸ்லிஃப்ட் பற்றிய கேள்வி பதில்

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்து 26 வருடம் ஆகிறது. விற்பனையில் இருக்கும் காருக்குப் பாதி ஆயுசில் கம்பெனியே முகத்தை மாற்றி விடும் வழக்கம் உண்டு. அதைத்தான் ஃபேஸ்லிஃப்ட் என்கிறோம். அப்படி மாற்றியதில் எது அழகானது, எது கெட்டது என்று நம் பக்கத்துக் கார்ப் பிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, ஷோரூமில் 'புத்தம் புது மாடல்' என்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் பழைய வண்டிக்குப் பம்பர் மாற்றின மாதிரி இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

கதவைப் பாருங்கள் தம்பி. கதவும் கூரையும் முன் கண்ணாடியும் பழசேதான் என்றால் அது ஃபேஸ்லிஃப்ட். காரின் தகடுகளை அழுத்தி எடுக்கும் டை ரொம்பச் செலவு பிடிக்கிற சாமான். கதவைத் தொட்டால் கண்ணாடி இறங்கும் வழி, ரப்பர் பீடிங், பூட்டு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். கூரையைத் தாங்கும் தூணான பில்லரைத் தொட்டால் மோதல் சோதனையே மறுபடி நடத்த வேண்டும். பம்பரும், முன்பக்க வலையான கிரில்லும் பிளாஸ்டிக், செலவு குறைவு. அதனால் கை முதலில் அங்கேதான் போகும். அடுத்து லைட், அலாய் வீல். இன்னும் கொஞ்சம் மனது வைத்தால் பானெட்டும் டிக்கிக் கதவும். ஒரு மாடல் பெரும்பாலும் ஆறேழு வருடம் ஓடும், மூன்றாவது நான்காவது வருடத்தில் இந்த வேலை நடக்கும்.

நெல்லையப்பர் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்த்தட்டும் சக்கரமும் அதேதான், ஆனிக்கு ஆனி சீலையும் தொம்பையும் மட்டும் புதிதாக ஏறும். கட்டுகிறவருக்குத் தட்டின் அளவு தெரிந்திருந்தால் தேர் நிமிர்ந்து நிற்கும்.

காரில் அந்தத் தட்டு எது என்றால், ஹெட்லைட் முனையில் புறப்பட்டு, முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஃபெண்டர் தகட்டின் வழியாகக் கதவுக் கைப்பிடியை ஒட்டி ஓடி, டெயில் லேம்பில் போய் முடிகிற கோடு. பட்டி தேய்க்கும்போது நாங்கள் கண்ணை நம்புவதில்லை, அந்தக் கோட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவோம். அரை மில்லி விலகினாலும் பெயிண்ட் அடித்த பிறகு வெயில் காட்டிக்கொடுத்துவிடும். கோட்டின் நடுப்பகுதி கதவில் இருக்கிறது, கம்பெனியால் அதை மாற்ற முடியாது. புது முகமும் புது பின்பக்கமும் அந்தக் கோட்டை மதித்து வரைந்திருந்தால் வண்டி எடுபடும். மதிக்காவிட்டால் எத்தனை குரோம் ஒட்டினாலும் ஒட்டாது. கீழே நான் சொல்லப் போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

தென்காசி: 2020 கிரெட்டாவைப் பார்த்தபோது பிடிக்கவே இல்லை. 2024ல் வந்ததைப் பார்த்ததும் வாங்கத் தோன்றுகிறது. வண்டி அதேதானே?

அதேதான். நல்ல ஃபேஸ்லிஃப்டுக்கு உதாரணம் கேட்டால் இப்போதைக்கு அதைத்தான் காட்டுவேன்.

2020 வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சக்கரத்துக்கு மேலே தகடு நன்றாகப் புடைத்து, தோள் அகன்று நிற்கும். கூரையை ஒட்டி வெள்ளி நிறப் பட்டை ஒன்று வளைந்து பின்பக்கம் இறங்கும். பலமான உடம்பு. அதற்கு வைத்த முகம் மட்டும் துண்டு துண்டாக இருந்தது. ஹெட்லைட்டைச் சுற்றி எல்.இ.டி. கோடுகள் உடைந்து உடைந்து கிடந்தன. பின்பக்கத்திலும் விளக்கு பிளந்து, வளைந்து ஓடியது. உடம்பு ஒன்று சொல்ல, முகம் வேறொன்று சொன்னது.

2024 ஜனவரியில் வந்ததில் கதவு, கூரை, அந்த வெள்ளிப் பட்டை எதையும் தொடவில்லை. பானெட்டை நிமிர்த்தி, அதன் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஒரு விளக்குக் கோடு போட்டார்கள். ஹெட்லைட்டைக் கீழே பம்பர் பக்கம் இறக்கினார்கள். பின்னாலும் அதே நேர்கோடு. அகன்ற தோளுக்கு அகன்ற முகம் கிடைத்தது. 2020லும் அந்த உடம்பு நன்றாகத்தான் இருந்தது, முகம் அதை நம் கண்ணுக்குக் காட்டவில்லை.

மேலப்பாளையம்: ஏன் அண்ணாச்சி ஒவ்வொரு ஃபேஸ்லிஃப்டுக்கும் கிரில் பெரிதாகிக்கொண்டே போகிறது?

எதிரே வருகிறவருக்கு 'இது புதுசு' என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும், அதற்கு மலிவான வழி அது. பெரிய கிரில் எல்லாமே தப்பு என்று சொல்லமாட்டேன். கிரில்லின் மேல் விளிம்பு பானெட் விளிம்போடு சேர்ந்து போனால் சரி. பானெட்டை வெட்டிக்கொண்டு ஏறினால் அசிங்கம்.

சேரன்மகாதேவி: அப்பா வாங்கிய 2007 இன்னோவா இருக்கிறது. புது இன்னோவா முகம் மாற்றித் தருவதாக ஒரு இடத்தில் சொல்கிறார்கள். செய்யலாமா?

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. டிராவல்ஸ்காரர்கள் முதல் கல்யாண வீட்டுக்காரர்கள் வரை கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2005ல் வந்த இன்னோவாவுக்கு நுனியிலிருந்து முன் கண்ணாடி வரை ஒரே சாய்வு. அதன் அழகே அந்தச் சாய்வுதான். 2012ல் முகத்தை மாற்றியபோது குரோம் கூடியது, மூக்கு கனத்தது. பழைய முகம்தான் அந்த உடம்புக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. ஆனால் ஊருக்குப் புதுசு வேண்டும், அதுவும் எனக்குப் புரிகிறது.

சில வருடம் முன்பு ஒருவர் வேறு ஓர் இடத்தில் முகம் மாற்றிய இன்னோவாவை என்னிடம் கொண்டுவந்தார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் குறை தெரியாது. கிட்டே குனிந்தேன். பானெட் உதட்டுக்கும் கிரில்லுக்கும் நடுவே இடது பக்கம் சுண்டு விரல் நுழைகிறது, வலது பக்கம் நகம்கூட நுழையவில்லை. பம்பரைக் க்ளிப்பில் மாட்டாமல் ஸ்குரூ போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஹெட்லைட் லோக்கல் சாமான், ஒரே வருடத்தில் கண்ணாடி மஞ்சள் பூத்துவிட்டது. "நாங்குநேரி தாண்டினால் ரோடு தெரியலை அண்ணாச்சி" என்றார் டிரைவர். உள்ளே ஒயரைக் கழற்றிப் பார்த்தால், ஒயர்களை இணைக்கிற கப்ளரை வெட்டிவிட்டு, முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியில் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. முழுதும் கழற்றிப் பழைய முகத்தையே திரும்ப மாட்டினோம். பழைய சாமானை அவர் தூக்கிப் போடாமல் மச்சில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

செய்தே தீர வேண்டும் என்றால் கம்பெனி சாமான் மட்டும் வாங்குங்கள். ஒயரை வெட்ட விடாதீர்கள், பொருத்தமான கப்ளர் போடச் சொல்லுங்கள். நிறம் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்னால் இரும்புக் கம்பி கார்டு போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். 2017லேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடுத்திருக்கிறது. நடந்து போகிறவர்மேல் பட்டால் ஆபத்து, ஏர்பேக் இருக்கிற வண்டியில் அது விரியும் நேரத்தையும் கெடுத்துவிடும்.

என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் பழைய முகத்துக்கே புது கம்பெனி ஹெட்லைட் மாட்டி, பம்பருக்கு நல்ல பெயிண்ட் அடித்து, நாலு டயரும் மாற்றிவிடுங்கள். அப்பா வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வந்து நிற்கும்.

பணகுடி: 2017 நெக்ஸானுக்கு மூக்கு சாய்ந்து அழகாக இருந்தது. 2020ல் ஏன் அப்படித் தூக்கிவிட்டார்கள்?

காரணம் சட்டம். நடந்து போகிறவர்மேல் கார் மோதினால் தலை பானெட்டில்தான் வந்து விழும். பானெட் தகட்டுக்கும் அடியில் இருக்கிற எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தகடு அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பு விதி பழைய மாடல்களுக்கும் 2020ல் கட்டாயமானது. அதற்காக பானெட் உயர்ந்தது, மூக்கு செங்குத்தாக நிமிர்ந்தது.

கட்டாயத்துக்காகச் செய்தாலும் எனக்கு அது பிடித்தது, ஏனென்றால் அந்த வண்டிக்கு ஜன்னலுக்கு அடியில் ஓடுகிற இடுப்புக்கோடு பின்பக்கம் ஏறிக்கொண்டே போகும். முன்பு முன்பக்கம் தாழ்ந்து கிடந்தது, நிமிர்த்தியதும் பார்வைக்கு எடை சமமானது. 2023ல் விளக்கை மேலும் கீழுமாகப் பிரித்தபோதும் கதவைத் தொடவில்லை.

வள்ளியூர்: 2014 ஸ்கார்ப்பியோ பற்றி உங்கள் கருத்து?

அடியில் உடம்பைத் தாங்குகிற சேஸி புதுசு, மேலே கதவும் கூரையும் 2002ல் வந்த பழசு. முன்பக்கம் நல்ல வேலை. நிமிர்ந்த பெட்டி உடம்புக்கு அந்தப் புருவம் வைத்த ஹெட்லைட் கம்பீரமாகவே இருந்தது. பின்பக்கம்தான் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. சுத்தமான தகட்டுக் கதவில் அவ்வளவு அகலத்துக்குப் பிளாஸ்டிக் ஒட்டியிருக்க வேண்டாம்.

களக்காடு: டிக்கி வைத்த டிசைர் ஃபேஸ்லிஃப்ட் கணக்கில் வருமா? முதல் டிசைர் ஏன் ஒட்டவைத்தது போல் இருந்தது?

கணக்கில் வராது, ஆனால் நோய் அதேதான். 2008ல் ஸ்விஃப்ட் காரின் பின் கதவை அப்படியே வைத்துக்கொண்டு டிக்கியைச் சேர்த்தார்கள். டிக்கி இல்லாத வண்டிக்காக வரைந்த கதவு அது, கூரை எங்கே இறங்கி முடிய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதற்குப் பின்னால் எதைச் சேர்த்தாலும் வால் மாதிரிதான் தெரியும். 2012ல் நாலு மீட்டருக்குள் வந்தால் வரி குறைவு என்பதற்காக 3995 மில்லிமீட்டரில் நறுக்கி நிறுத்தினார்கள், இன்னும் மோசம். 2017ல்தான் வழி பிறந்தது. அந்த வருட டிசைருக்குப் பின் கதவே தனி. அந்தத் தலைமுறை ஸ்விஃப்ட்டுக்குக் கைப்பிடி கண்ணாடி ஓரத்தில் ஒளிந்திருந்தது, டிசைருக்குக் கதவிலேயே இருந்தது. கதவை மாற்ற மனது வந்ததும் கூரை பின்னால் அழகாக இறங்கிவிட்டது.

கல்லிடைக்குறிச்சி: நான் முதல் கார் வாங்கப் போகிறேன் அண்ணா. இன்னும் சில மாதத்தில் ஃபேஸ்லிஃப்ட் வருகிறது, இப்போது எடுத்தால் தள்ளுபடி என்கிறார்கள். என்ன செய்ய?

தங்கச்சி, இப்போதைய முகம் உனக்குப் பிடித்திருந்தால் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு எடு. முதல் முகம் பெரும்பாலும் அந்த உடம்போடு சேர்த்து ஒரே கையால் வரைந்தது, அதில் பொருத்தம் கூடுதலாக இருக்கும். ஆனால் புதியதில் கூடுதல் ஏர்பேக், நல்ல பிரேக் மாதிரி ஏதாவது வருகிறதா என்று விசாரித்துக்கொள். வந்தால் காத்திரு. விற்கும்போது பழைய முகத்துக்கு விலை கொஞ்சம் குறையும், பத்து வருடம் வைத்திருக்கப் போகிறாய் என்றால் அது பெரிய விஷயமில்லை.

திசையன்விளை: சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் வைத்த ஃபேஸ்லிஃப்ட் வண்டி எடுத்தேன். இரண்டே வருடத்தில் சாம்பல் பூத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். தடவிய அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் தேரி மண் எல்லாம் அதில்தான் ஒட்டும். பெயிண்ட் அடிக்காத பிளாஸ்டிக் வெயிலில் வெளுப்பது இயற்கை. ஷாம்பு போட்டுக் கழுவி நன்றாகக் காயவைத்து, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் டிரிம் கோட்டிங் போடுங்கள். நிழலில் நிறுத்துங்கள். ஷோரூம் விளக்கில் பார்த்து கறுப்புப் பட்டைக்கு மயங்குகிறவர்கள், அதே மாடலில் மூன்று வருடம் வெயிலில் நின்ற வண்டி ஒன்றையும் ரோட்டில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

பேட்டை: முழு அகலத்துக்கும் ஓடுகிற டெயில் லேம்ப் நல்லதா?

பார்வைக்கு வண்டி அகலமாகத் தெரியும். ஆனால் எல்லாரும் போட ஆரம்பித்ததில் ராத்திரியில் எந்த வண்டி என்றே அடையாளம் தெரியவில்லை. இடித்தால் செலவும் கூடுதல்.

ராதாபுரம்: வெளிநாட்டுக் கார்களில் நீங்கள் மெச்சுகிற ஃபேஸ்லிஃப்ட் எது? கெட்டுப்போனது எது?

மெச்சுவது பிரான்சின் சிட்ரோன் டி.எஸ். 1955ல் வந்தது. 1967ல் அதன் முகத்தை மாற்றினார்கள். ஃபெண்டரின் வளைவு அப்படியே தொடர்கிற மாதிரி கண்ணாடி போட்டு, அதற்குள்ளே இரண்டிரண்டு விளக்கு. உயர்ந்த மாடல்களில் உள்பக்க விளக்கு, ஸ்டியரிங் திரும்புகிற பக்கமே திரும்பும். இரண்டு முகத்தையும் தெரியாதவரிடம் காட்டினால் 1967தான் முதலில் வரைந்தது என்பார். அவ்வளவு இசைவு.

கெட்டது இங்கிலாந்தின் எம்.ஜி.பி. அமெரிக்காவில் பம்பர் விதி கடுமையானதும் 1974ல் மெல்லிய குரோம் பம்பரை எடுத்துவிட்டுத் தடித்த கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள். விளக்கு உயரம் போதவில்லை என்று வண்டியையும் தூக்கினார்கள். தரையோடு தவழ்ந்த கார், எக்கி நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. அதே நெருக்கடியில் போர்ஷே 911க்கு வைத்த பம்பர், பக்கவாட்டில் மடிப்பு ரப்பரோடு, உடம்போடு உடம்பாகப் போயிற்று.

அம்பாசமுத்திரம்: தாத்தாவின் அம்பாசடர் ஷெட்டில் நிற்கிறது. எந்த வருடம் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆர்.சி. கிடைக்கவில்லை. அம்பாசடர்களில் அழகானது எது?

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் அச்சில் வந்த வண்டி, 2014 வரை அதே கதவு, அதே கூரை. அரை நூற்றாண்டுக்கு மேல் கிரில்லும் பம்பரும் விளக்குமாகவே மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஃபேஸ்லிஃப்ட் படிக்க அதைவிடப் பாடம் கிடையாது.

எனக்குப் பிடித்தது மார்க் 2. சின்னச் சின்னக் கட்டம் போட்ட கிரில், அந்த உருண்டை ஃபெண்டர்களுக்கு நடுவே அடக்கமாக உட்கார்ந்திருக்கும். 1975ல் வந்த மார்க் 3க்குக் கிரில் படுக்கைப் பட்டைகளாக ஆனது, அதுவும் குறை சொல்ல முடியாது. 1979ல் மார்க் 4, கிரில் மறுபடியும் மாறியது. 2000க்குப் பிறகு உடம்பு நிறத்திலேயே பம்பர் போட்டபோதுதான் எனக்கு மனது ஒடிந்தது. உருண்டையான தகட்டு உடம்புக்கு மின்னுகிற இரும்பு பம்பர் ஒரு கரை மாதிரி, வேட்டிக்குக் கரை இருக்கிறதே அந்த மாதிரி.

உங்கள் தாத்தா வண்டியின் கிரில்லை நேரே நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கட்டமா பட்டையா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். முகத்தை யாராவது இடையில் மாற்றியிருக்கவும் கூடும், அதனால் சேஸி நம்பர் தகட்டையும் எண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து ஒரு படம் எடுங்கள். உப்புத்தாள் மட்டும் போட்டுவிடாதீர்கள், எழுத்து அழிந்துவிடும்.