சட்டம் கேளுங்கள்: பிள்ளை யாரிடம் இருக்கும்?

கேள்வி: எனக்கு 8 வயதில் மகனும் 3 வயதில் மகளும் இருக்கிறார்கள். கணவரைப் பிரிந்து நாலு மாதம். வழக்கு எதுவும் இல்லை. கட்டாரிலிருந்து லீவில் வந்தவர், மகனைப் பள்ளிக்கூட வாசலில் வைத்தே கூட்டிப்போய்க் கல்முனையில் தன் தாயிடம் விட்டுவிட்டார். பொலிஸில் கோட்டுக்குப் போகச் சொன்னார்கள். "ஆம்பிளைப் பிள்ளை தகப்பனுக்குத்தான்" என்கிறா மாமி. உண்மையா?
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மாமி சொல்வதற்குப் பழைய வேர் ஒன்று உண்டு. இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டப்படி, திருமணம் நிலைத்திருக்கும்வரை ஆணோ பெண்ணோ எந்தப் பிள்ளையிலும் தகப்பனுக்கு முன்னுரிமை இருந்தது. இன்று நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே முதலில் வைக்கின்றன. ஆண் பிள்ளை அவருக்கு, பெண் பிள்ளை உங்களுக்கு என்று பங்கு போடும் சட்டம் இல்லை. சகோதரர்களைப் பிரிக்காமல் வைப்பதையே நீதிமன்றம் விரும்பும்.

பொலிஸார் பிள்ளையைப் பறித்துத் தர முடியாது. ஆனாலும் அந்த முறைப்பாட்டின் பிரதியை எடுத்து வையுங்கள். மகன் எப்போது போனார் என்பதற்கு அது சான்று.

உங்களுக்கு இரண்டு வழி. விவாகரத்து அல்லது பிரிந்து வாழும் தீர்ப்புக் கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டு, அது முடியும்வரை பிள்ளையை உங்களிடம் தருமாறு இடைக்காலக் கட்டளை கேட்கலாம். விவாகரத்து வேண்டாமென்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (பிள்ளையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் மனு) போடலாம். எதுவானாலும் சுணங்காதீர்கள். ஆறு மாதம் போனால் மகன் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒன்றிவிடுவார். "இருக்கிற இடத்தைக் குழப்ப வேண்டாம்" என்ற வாதம் அவர்கள் பக்கம் போய்விடும். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போங்கள்; வருமானம் பார்த்து இலவசமாக வாதாடுவார்கள்.

சத்தியக்கடதாசியில்தான் (சத்தியம் செய்து நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலம்) பலர் வழக்கைக் கெடுக்கிறார்கள். பத்துப் பக்கமும் கணவனின் குற்றம். பிள்ளையைப் பற்றி நாலு வரி. அடி, குடி இருந்தால் திகதியோடு எழுதத்தான் வேண்டும். ஆனால் நீதிபதிக்குத் தெரிய வேண்டியது பிள்ளையின் ஒரு நாள்: காலையில் எழுப்புவது யார், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் யார், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது யார். கிளினிக் கொப்பி, தேர்ச்சி அறிக்கை, பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் வைத்த கையெழுத்து, பிறப்பத்தாட்சிப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று எல்லாம் அதற்குத்தான். உங்கள் வழக்கின் பலமான இடமும் இதுவே: கணவர் திரும்பக் கட்டார் போனால், மகனை வளர்க்கப்போவது தகப்பனல்ல, அப்பம்மா. தகுதியான தாய் இருக்கும்போது மூன்றாமவரிடம் பிள்ளையை விட வலுவான காரணம் வேண்டும். வருமானம் குறைவென்று பயப்படாதீர்கள். அதற்குத் தாபரிப்பு (பிள்ளையின் செலவுக்குத் தகப்பன் கட்டும் மாதக் காசு) இருக்கிறது.

நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்கப்பட்டால் அவர் வீட்டுக்கு வருவார். ஓலை வீடா கல்வீடா என்பதைவிட, பிள்ளை படுக்க இடம், படிக்க இடம், கூட இருப்பவர்கள் யார் என்றே பார்ப்பார். நீதிபதி மகனைத் தனியாக அழைத்துப் பேசவும் கூடும். தயவுசெய்து பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை சட்டத்தரணி போலப் பேசினால் நீதிபதிக்கு உடனே விளங்கும். அந்தச் சுமையும் பிள்ளைக்குக் கொடியது. பள்ளிக்கூட வாசலில் போய் நீங்களும் இழுத்துவர வேண்டாம்.

கேள்வி: மாதம் இரண்டு தடவை மகளைப் பார்க்கலாம் என்று கட்டளை. போனால் "தூங்குகிறாள்", "டியூசன்" என்கிறார்கள். தாபரிப்பை நிறுத்தலாமா?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நிறுத்தவே வேண்டாம். தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்தின் தனி வழக்கு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை வரலாம். சாப்பாட்டுக் காசு நின்றால் தண்டனை மகளுக்குத்தான்.

உங்கள் கட்டளையில் நாளும் நேரமும் இல்லை; குழப்பம் அங்கேதான். மறுக்கப்பட்ட திகதிகளை எழுதிக்கொண்டு, கட்டளை தந்த அதே நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் (நடந்த வழக்கிலேயே கொடுக்கும் எழுத்து விண்ணப்பம்) இட்டு விவரமாகக் கேளுங்கள்: முதலாம், மூன்றாம் சனி காலை 9 மணிக்கு எந்த இடத்தில் யார் கையில் ஒப்படைப்பது, மாலை எத்தனை மணிக்குத் திரும்புவது, பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் மாற்று நாள் எது, ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறையும் சித்திரை வருடப் பிறப்பும் யாரோடு. இவ்வளவும் எழுத்தில் இருந்தால்தான் மீறினால் நீதிமன்ற அவமதிப்பென்று காட்ட முடியும். ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதிய ஒப்பந்தத்துக்கு அந்தப் பலம் இல்லை. அதை நீதிமன்றத்தில் சமர்ப்பித்துக் கட்டளையாக்க வேண்டும்.

கேள்வி: காதி நீதிமன்றத்தில் பஸஹ் (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) கிடைத்துவிட்டது. பிள்ளையையும் காதியாரே தீர்ப்பாரா?
வாசகி, சம்மாந்துறை

பதில்: இல்லை. பிள்ளைத் தாபரிப்பைக் காதியாரிடம் கேட்கலாம். பிள்ளை யாரிடம் என்பது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. முஸ்லிம் சட்டத்தின் தாய்க்குரிய பராமரிப்பு உரிமையையும் அங்கே எடுத்துச் சொல்லலாம். தகப்பன் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவார் என்று அஞ்சினால், நீதிமன்ற அனுமதியின்றிப் பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது என்ற கட்டளையை முதல் தவணையிலேயே கேளுங்கள்.